நண்டு விட்ட கால்

ஆக்னஸ் என்கிற பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இன்றுவரை என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தமானில் பவளத்துறை என்று ஒரு சின்ன ஊர். பத்து நாளாக அங்கே தரை அவ்வப்போது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. தம்ளரில் தண்ணீர் தளும்பும், சுவரில் காலண்டர் ஆடும், அவ்வளவுதான். ஆனால் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியது எங்கள் நிறுவனம்.

"வசுமதி, நீ போய் ரெண்டு நாள் பாடம் எடுத்துட்டு வா. கட்டடம் தாங்கும்னு பிள்ளைங்க வீட்டுல போய்ச் சொல்லணும். நாம சொன்னா எவனும் நம்ப மாட்டான்" என்றார் மேலாளர்.

சுத்தமான விளம்பர வேலை. எனக்குப் பிள்ளைகளோடு அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனால் அந்தக் கட்டடத்தின் மூளையை, அதற்குள் ஓடும் நிரலை, எழுதியவள் நான். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் தூக்கத்திலும் பேசுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் ஏழாம் வகுப்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்து, முன்னால் நிற்பவரின் தோளில் இரண்டு கைகளையும் விறைப்பாக வைக்கச் சொன்னேன். கடைசியில் நின்ற பையனை முதுகில் தள்ளினேன். அந்தத் தள்ளு ஒவ்வொரு தோளாகக் கடந்துபோய், முதலில் நின்றவளைக் கரும்பலகையில் இடிக்கவைத்தது. வகுப்பே சிரித்தது.

"இதுதான் முதல் அலை. முன்னும் பின்னுமா தள்ளிக்கிட்டு வேகமா வரும். பெரிசா ஒண்ணும் பண்ணாது" என்றேன். அடுத்து அதே பையனைப் பக்கவாட்டில் ஆட்டினேன். வரிசை வளைந்து நெளிந்து, நடுவில் இரண்டு பேர் கால் தடுக்கி விழுந்தார்கள். "இது ரெண்டாவது. மெதுவா வரும். ஆனா வந்துச்சுன்னா வீட்டைக் குலுக்கிப்போட்டுடும்."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் இருக்கும்க்கா?"

கேட்டவள்தான் ஆக்னஸ். இரண்டாவது பெஞ்ச், எண்ணெய் வழிய வாரிய தலை, கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்காத பெண்.

"அது எவ்வளவு தூரத்துல நடுங்குதோ அதைப் பொறுத்தது. முதல் இடி பட்டதும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிங்க. பெரிய ஆட்டம் வர்ற வரைக்கும் எத்தனை எண்ணினீங்களோ, அதை எட்டால பெருக்குங்க. கிட்டத்தட்ட அத்தனை கிலோமீட்டர்."

அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆளாளுக்கு எண்ணிப் பெருக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு ஈர்க்குச்சியையும் பிசைந்த மைதா மாவையும் வைத்து ஆளுக்கொரு மாடி வீடு கட்டச் சொன்னேன். வீடுகளை ஒரு தாம்பாளத்தில் வைத்து ஆட்டினோம். வெறும் தூண் வைத்த வீடுகள் சாய்ந்தன. மூலைக்கு மூலை குறுக்குக் குச்சி கொடுத்தவை நின்றன. இதோடு மணி அடித்திருக்கலாம்.

"அக்கா, குறுக்குக் குச்சி வெச்சது விழலை, சரி" என்று எழுந்தாள் ஆக்னஸ். "ஆனா அந்த ஆட்டம் வந்துச்சுல்ல? அது எங்க போச்சு?"

எங்கள் கல்லூரியில் நான்கு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

"குலுக்கல் எங்கயாவது போயே ஆகணும். சின்னதா இருந்தா கட்டடம் வளைஞ்சு கொடுத்தே தீர்த்துடும். ரொம்பப் பெரிசா வந்தா, ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும். நண்டு பிடிச்சிருக்கீங்களா?"

அத்தனை கைகளும் மேலே போயின.

"காலைப் பிடிச்சா என்ன பண்ணும்?"

"கழட்டி விட்டுட்டு ஓடிரும்!"

"உங்க பள்ளிக்கூடமும் அப்படித்தான்."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். பள்ளிகளிடம் இதைச் சொல்வதில்லை என்பது நிறுவனத்தின் முடிவு. 'உங்கள் பிள்ளை இருக்கும் அறை விழக்கூடும்' என்று எந்தப் பெற்றோரிடம் போய்ச் சொல்வது? ஆனால் பீற்றிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு நிதானம் இருக்காது.

"மாடிக் கட்டடத்தோட நாலு மூலையிலயும் ஒவ்வொரு ரூம் தனியா நீட்டிக்கிட்டு இருக்கா? ஒண்ணு ஹெச்.எம். ரூம். ரெண்டு சாமான் ரூம். மூணு ஆறாம் வகுப்பு. நாலு சமையல்கட்டு. அதுங்கதான் நண்டுக் கால். தூணுக்குள்ள ஒரு திரவம் இருக்கு. கரண்ட் பாய்ஞ்சா கல்லா இறுகும், நிறுத்தினா குழம்பாயிடும். பெரிய நடுக்கம் வந்தா மூணு காலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலை மட்டும் தளர்த்தி விட்டுடும். குலுக்கல் பூரா அந்த வழியாப் போயிடும். அந்த ரூம் விழும். மத்தது எல்லாம் நிக்கும்."

"எந்தக் காலுன்னு யாரு சொல்லுவா?"

"கட்டடமே முடிவு பண்ணும். முதல் அலை வந்த பத்தாவது நொடியில, எந்த ரூம்ல ஆள் இல்லையோ அதை விட்டுடும். அப்புறம் யார் நினைச்சாலும் மாத்த முடியாது."

"ஆள் இல்லைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கழுத்துல தொங்குதே அட்டை, அதை வெச்சுத்தான்."

ஆக்னஸ் தன் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. இருந்தும் சொல்லிவிட்டாள்.

"அப்ப லூர்துக்கு அட்டை இல்லையே."

"யாரு லூர்து?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்பெஞ்சில் ஒரு பையன் மட்டும், "ஒப்புக்குச் சப்பாணிங்க அக்கா, ஆறு பேரு. கீழ சாமான் ரூம்ல இருக்காங்க" என்றான்.

கண்ணாமூச்சி ஆடும்போது சின்னப் பிள்ளைகளையும் அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வோமே, ஆட்டத்தில் இருப்பார்கள், ஆனால் கணக்கில் வர மாட்டார்கள், அவர்களுக்குப் பெயர் அது. நான் தாம்பாளத்தை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

என் கைக்கணினித் திரையில் இரண்டாம் எண் அறை: 0 பேர். கதவைத் திறந்தால் ஆறு பேர். ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை. பெரியவன் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். அவர்கள் வாயை மூடுவதற்குள் தரை ஒருமுறை லேசாக நடுங்கி அடங்கியது. அவர்கள் அதைக் கண்டுகொள்ளக்கூட இல்லை. நான்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் துரைக்கண்ணு சார் தன் அறையில் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர், சட்டைப் பையில் பேனாவோடு சேர்த்து ஒரு சாக்குக்கட்டியும் எப்போதும் இருக்கும்.

"சார், ரெண்டாம் ரூம்ல பிள்ளைங்களை வெச்சிருக்கீங்க."

"ஆமாம்மா."

"அது சாமான் ரூம்னு கையேட்டுல போட்டிருக்குல்ல?"

"சாமான் வைக்கச் சொல்லியிருந்தீங்க. என்கிட்ட சாமான் இல்லை. ஆறு பிள்ளைங்க இருந்தாங்க" என்றார்.

அவர்கள் தென்தீவைச் சேர்ந்தவர்கள். கடல் ஏறி அந்தத் தீவை விழுங்கியபோது பெற்றோர்கள் படகில் இங்கே வந்து சேர்ந்தார்கள். புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால் பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வேண்டும். "பழைய பள்ளிக்கூடம் கடலுக்கு அடியில இருக்கு. மீனா கையெழுத்துப் போடும்?" என்றார் சார். சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் என்று தெரிந்தால் தீவு அலுவலகம் அவர்களை அடுத்த கப்பலில் ஏற்றி, கரையில் இருக்கும் முகாம் விடுதிக்கு அனுப்பிவிடும். பெற்றோர்கள் இங்கே, பிள்ளைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

"வேற வகுப்புல உட்கார வையுங்க சார்."

"கதவுலயெல்லாம் பிள்ளைங்க தலையை மட்டும் எண்ணுற கண்ணு வெச்சிருக்கீங்களே. தலைக்கணக்கும் அட்டைக்கணக்கும் ஒத்துவரலைன்னா உடனே ஆபீஸுக்குத் தகவல் போகுது. சாமான் ரூமுக்குத்தான் அது இல்லை."

சாமான் அறைக்குக் கண் எதற்கு என்று விட்டதும் நாங்கள்தான்.

"வீட்டுக்கு அனுப்புங்க."

"அப்பன் ஆத்தா எல்லாம் கப்பல்ல மண் அள்ளுற வேலைக்குப் போயிருக்காங்கம்மா. ராத்திரி என் வீட்டுலதான் படுக்குறாங்க. பகல்ல அங்க பார்த்துக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வந்துருவாங்க. பெத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா, சான்றிதழ் இல்லாமலே சேர்த்துக்கலாம்னு பழைய உத்தரவு ஒண்ணு இருக்கு. இப்பத்தான் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க."

அப்போதுதான் நண்டுக் கால் விஷயத்தை அவரிடம் சொன்னேன். பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டது போல இல்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க முடியவில்லை.

"அஞ்சு மாசமா அந்த ரூம்லயாம்மா அவங்களை உட்கார வெச்சிருக்கேன்?" என்றார். "இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

என்னிடம் ஒரு வழி இருந்தது. கணினியில் 'இரண்டாம் அறையில் ஆள் உண்டு' என்று குறிக்கலாம். குறித்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் ஒரு மணி நேரத்தில் தீவு அலுவலகத்து ஆட்கள் வாசலில் நிற்பார்கள்.

சார் எழுந்தார். கழுத்திலிருந்து தன் அட்டையைக் கழற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடியே சாமான் அறைக்குப் போனார். அங்கே சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டினார். என் திரையில் 0 என்பது 1 ஆயிற்று. வெட்கமாக இருந்தது. என் அட்டையையும் கழற்றி அதே ஆணியில் மாட்டினேன். இரண்டு பேர்.

"சமையல்கட்டுல எப்பவும் மூணு பேர் இருப்பாங்க, ஆறாம் வகுப்புல முப்பது. இப்ப காலியா இருக்கறது உங்க ரூம்தான் சார். நீங்க அங்க உட்காரக் கூடாது."

"உட்காரலை" என்றார். சொன்னபடியே மேசையையும் நாற்காலியையும் வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பீரோவை மட்டும் நகர்த்த முடியவில்லை. அது உள்ளேயே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் மாலைக் கப்பலில் திரும்பியிருக்க வேண்டியவள், வெள்ளிவரை பாடம் இருக்கிறது என்று மேலாளரிடம் பொய் சொன்னேன்.

புதன்கிழமை, பதினொன்று அடித்துச் சில நிமிடம். ஏழாம் வகுப்பில் கிணற்று நீரில் அலை எப்படிப் பரவுகிறது என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கீழேயிருந்து தரையை ஓங்கிக் குத்தியது போல ஒரு இடி. சாக்குக்கட்டி கையிலிருந்து விழுந்தது. சைரன் அலறியது.

"ஒண்ணு!" என்று கத்தினாள் ஆக்னஸ்.

"பெஞ்சுக்கு அடியில போங்க! எல்லாரும்!"

"ரெண்டு! மூணு!" வகுப்பே பெஞ்சுக்கு அடியிலிருந்து எண்ணியது. சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நான் கணினியை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்கு ஓடினேன்.

முதல் அறை, 0. இரண்டாம் அறை, 2. மூன்றாம் அறை, 30. நான்காம் அறை, 3. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காம் அறை 1 ஆகி, 0 ஆயிற்று. சமையல்காரப் பெண்கள் பின்கதவு வழியாக வெளியே ஓடிவிட்டார்கள். ஓடாதே, உள்ளேயே இரு என்று எத்தனை முறை சொன்னாலும் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஓடத்தான் செய்வார்கள்.

இரண்டு அறைகள் காலி. இரண்டும் சமமானால் எந்த எண் முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். டீ குடித்துக்கொண்டே எழுதிய வரி.

"ஒம்பது! பத்து!"

திரை சிவந்தது. முதலாம் எண் அறை. தலைமையாசிரியர் அறை. எனக்கு உயிர் வந்தது. சார் வராந்தாவில்தான் இருக்கிறார், ஆறு பேரும் தப்பித்தார்கள் என்று நினைத்தபடி கீழே எட்டிப் பார்த்தேன்.

சார் மேசையைவிட்டு எழுந்து நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்தார். அந்தப் பள்ளியில் பழைய கட்டடக் காலத்திலிருந்தே முப்பது வருடமாக ஒரு பழக்கம். தீயோ புயலோ, எந்த ஒத்திகையானாலும் தலைமையாசிரியர் முதலில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வர வேண்டும். பெயர் கூப்பிட்டு, அத்தனை பேரும் வந்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். பதிவேடு பீரோவில். பீரோ அந்த அறையில்.

"சார்! உள்ள போகாதீங்க!"

"பதிமூணு!"

சைரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு கையை உயர்த்தி, இதோ வந்துவிடுகிறேன் என்று சைகை காட்டினார்.

"சார்! வேணாம் சார்!"

அவர் உள்ளே போனார். நான் கணினியைக் குத்தினேன். 'முடிவு எடுக்கப்பட்டது' என்றது. மறுபடியும் குத்தினேன். என் கையால் நான் எழுதிய பூட்டு அது.

"பதினெட்டு! பத்தொம்பது!"

பெரிய அலை வந்தது.

நாற்பது நொடி. கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். கட்டடம் கப்பல் போல ஆடியது, முனகியது, நின்றது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. முதலாம் எண் அறை மட்டும் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டது. நாங்கள் வடிவமைத்தபடியே நடந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில்கூட அவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் மழையில் வரிசையாக நின்றார்கள். ஆறு பேரும் நின்றார்கள், முதல்முறையாக எல்லாருக்கும் முன்னால். பெயர் கூப்பிட யாரும் இல்லை. "நூத்தம்பத்திரண்டு கிலோமீட்டர்" என்று ஆக்னஸ் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மதியம் சாரை எடுத்தார்கள். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கையிலிருந்து அதை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மாலையில் கட்டடத்தின் அறிக்கை என் கணினிக்கு வந்தது. 'விடப்பட்ட அறை: 1. அறை 2-இல் காப்பாற்றப்பட்டோர்: 2 (துரைக்கண்ணு, வசுமதி). மனித இழப்பு: 0. உறுதிப்படுத்திக் கையொப்பமிடவும்.'

கட்டடத்தைப் பொறுத்தவரை சார் சாமான் அறையில் பத்திரமாக இருந்தார். இழப்பு ஒன்று என்று நான் திருத்தினால், அவருடைய அட்டை ஏன் அங்கே இருந்தது என்று கேள்வி வரும். அதற்குப் பதில் எழுதினால் ஆறு பெயர்கள் வெளியே வரும். எதைக் காப்பாற்றவென்று அவர் அட்டையைக் கழற்றினாரோ, அது போய்விடும். மேலாளர் போனில், "அவர் கட்டடத்துக்கு வெளியில கல்லு விழுந்து செத்தாருன்னு எழுதிடலாம். சும்மா கையெழுத்தைப் போடு" என்றார். இரண்டு நாள் நான் கையெழுத்தும் போடவில்லை, திருத்தவும் இல்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆனால் அந்தப் பழைய உத்தரவின்படி பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் இல்லை. லூர்துவின் அம்மா மரியபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதினால் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அவள் மகனின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க பிள்ளைங்களை ஆள்னு கணக்குல எடுத்தது அவர் ஒருத்தர்தாம்மா. அவரைப் போய்க் கணக்குல இல்லாம விடச் சொல்றீங்களா? எழுதுங்க."

எழுதினேன். மனித இழப்பு: ஒன்று. அறை இரண்டில் இருந்தோர்: ஆறு. கீழே ஆறு பெயர்களையும் அப்பா பெயரோடு எழுதினேன். அடுத்த பக்கத்தில், டீ குடித்துக்கொண்டே நான் எழுதிய அந்த வரியைப் பற்றியும், பள்ளிகளிடம் நாங்கள் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் எழுதினேன்.

எனக்கு வேலை போயிற்று. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. போவதற்கு முன்னால் மூளையில் ஒரு வரியை மாற்றிவிட்டு வந்தேன். ஓர் அறையில் ஆள் உண்டா இல்லையா என்று தெரியவில்லை என்றால், அது நிறைந்த அறை என்று எடுத்துக்கொள். மாற்ற நான்கு நிமிடம் ஆயிற்று. அதை முதலிலேயே எழுத எனக்குத் தோன்றவில்லை.

தீவு அலுவலகம் ஆறு பிள்ளைகளையும் கப்பலில் ஏற்ற ஆள் அனுப்பியது. அதற்குள் விசாரணை அதிகாரி வந்திருந்தார். சாட்சிகளை விசாரணை முடியும்வரை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது என்று சட்டமாம். விசாரணை முடிய எத்தனை நாளாகும் என்று கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்குக் குறையாது" என்று அவர் வருத்தமாகச் சொன்னார்.

விசாரணைக்காகக் கட்டடத்தைப் பூட்டிவிட்டதால், இரண்டு வாரம் கழித்துத் தகரக் கொட்டகையில் பள்ளி திறந்தது. புதுத் தலைமையாசிரியர் வரும்வரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கும் வேறு வேலை இல்லை. முதல் நாள் வருகை எடுக்க அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். மழையில் ஓரங்கள் ஊறிப் போயிருந்தன. கடைசிப் பக்கத்தில், அட்டை இல்லாத ஆறு பெயர்கள், அவருடைய குண்டு குண்டு எழுத்தில். ஐந்து மாதமாக ஒரு நாள் விடாமல் வருகை போட்டிருந்தார். அந்தப் புதன்கிழமைக்கும் போட்டிருந்தார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். கடைசியாக, "லூர்து" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தான்.

"உள்ளேன் ஐயா."

நான் திருத்தவில்லை. பேனாவை எடுத்து அவன் பெயருக்கு நேரே வருகை போட்டேன்.